எக்செல் சால்வர் தப்பான விடை தந்தால் எங்கே பார்க்க வேண்டும்?

சால்வர் என்பது, நாம் கொடுத்த நிபந்தனைகளுக்குள் சிறந்த விடை வரும்படி செல்களின் எண்களைத் தேடித் தரும் எக்செல் ஆட்-இன். அது ஒழுங்காக ஓடவில்லை என்றதும் பலரும் ஆப்ஷன்ஸைத் திறந்து எண்களை மாற்றிப் பார்க்கத் தொடங்கிவிடுகிறார்கள். அது கடைசியில் செய்ய வேண்டிய வேலை. கோளாறு பெரும்பாலும் ஃபார்முலாவில் இருக்கும், இல்லையென்றால் செல்லில் கிடக்கும் ஆரம்ப எண்ணில் இருக்கும்.

படி 1: சால்வரைக் கொண்டுவருதல்

ஃபைல், ஆப்ஷன்ஸ், ஆட்-இன்ஸ் என்று போய், கீழே மேனேஜ் பெட்டியில் எக்செல் ஆட்-இன்ஸ் இருக்கும்போது ‘கோ’ அழுத்துங்கள். சால்வர் ஆட்-இன்னுக்கு டிக் போட்டால் டேட்டா டேபின் வலது ஓரத்தில் வந்துவிடும்.

படி 2: ஆரம்ப எண்

இதைக் கையோடு செய்து பாருங்கள். பி2 நீளம், பி3 அகலம். இரண்டிலும் 0 போடுங்கள். பி4-இல் இரண்டின் பெருக்கல், அதாவது பரப்பு. பி5-இல் சுற்றளவு: இரண்டையும் கூட்டி 2-ஆல் பெருக்குங்கள். சால்வரில் ஆப்ஜெக்டிவ் (இலக்கு செல்) பி4, மேக்ஸ் (முடிந்தவரை பெரிதாக்கு); மாற வேண்டிய செல்கள் பி2, பி3; நிபந்தனை பி5 <= 40. முறை ஜிஆர்ஜி நான்லீனியர் (பெருக்கல் போன்ற நேர்கோட்டில் அமையாத கணக்குகளுக்கானது).

சால்வ் அழுத்தினால், தீர்வு கிடைத்தது, எல்லா நிபந்தனைகளும் பூர்த்தியாயின என்று மெசேஜ் வரும். பரப்போ 0-விலேயே நிற்கும். சரியான விடை 10, 10; பரப்பு 100.

ஜிஆர்ஜி ஒவ்வொரு செல்லையும் இம்மியளவு நகர்த்தி, ஆப்ஜெக்டிவ் எவ்வளவு மாறுகிறது என்று பார்க்கும். பி2-வை நகர்த்தினாலும் பி3 0 என்பதால் பெருக்கல் 0. பி3-ஐ நகர்த்தினாலும் அதே கதை. இனி ஏற வழியில்லை என்று முடிவு செய்து நின்றுவிடும். இரண்டிலும் 1 போட்டு மறுபடி ஓட்டுங்கள், 10, 10 வந்துவிடும். ‘தீர்வு கிடைத்தது’ என்றால் பக்கத்தில் இதைவிட நல்லது தென்படவில்லை என்பது மட்டுமே பொருள்.

ஃபார்முலாவில் ரவுண்ட், இன்ட் இருந்தாலும் இதே சிக்கல்தான்: சிறு நகர்வு விடையில் தெரியாது. அவற்றை எடுத்துவிடுங்கள். உச்சங்கள் பல இருக்கலாம் என்று தோன்றினால், மாறும் செல் ஒவ்வொன்றுக்கும் மேல், கீழ் வரம்பு கொடுத்துவிட்டு, ஆப்ஷன்ஸில் ஜிஆர்ஜி டேபில் மல்டிஸ்டார்ட்டை (பல ஆரம்ப எண்களிலிருந்து தேடுவது) டிக் செய்யுங்கள்.

படி 3: மெசேஜைப் படியுங்கள்

ஃபீஸிபிள் தீர்வு (எல்லா நிபந்தனைகளுக்கும் பொருந்தும் விடை) இல்லை என்றால் நிபந்தனைகள் ஒன்றோடொன்று மோதுகின்றன. <= போட வேண்டிய இடத்தில் >= போட்டிருக்கிறதா என்று முதலில் பாருங்கள். ஆப்ஜெக்டிவ் கன்வர்ஜ் ஆகவில்லை (ஓர் எண்ணில் நிலைக்காமல் போய்க்கொண்டே இருக்கிறது) என்றால் ஏதோ ஒரு வரம்பு விட்டுப்போயிருக்கிறது; மாறும் செல்கள் 0-க்குக் கீழே போகாமல் தடுக்கும் நான்-நெகடிவ் டிக் நீங்கியிருக்கலாம், மேக்ஸ், மின் இடம் மாறியிருக்கலாம். எரர் வேல்யூ என்று வந்தால், வழியில் எங்கோ 0-ஆல் வகுக்கிறது அல்லது 0-க்கு லாக் எடுக்கிறது. அந்தச் செல்லுக்கு >= 0.0001 என்று நிபந்தனை போட்டு, ஆரம்ப எண்ணையும் 0-க்கு மேல் வையுங்கள்.

நேர்கோட்டுக் கணக்குகளுக்கான சிம்ப்ளெக்ஸ் எல்பி முறையில் லீனியாரிட்டி (நேர்கோட்டுத் தன்மை) சரியில்லை என்று சொன்னால் இஃப், மேக்ஸ், ஏபிஎஸ் அல்லது மாறும் இரு செல்களின் பெருக்கல் இருக்கிறதா என்று தேடுங்கள். எதுவுமே இல்லாமலும் இந்த மெசேஜ் வரும். அப்போது காரணம் அடுத்த படியில் இருக்கிறது.

படி 4: எண்களின் அளவு

ஒரு செல்லில் 50000000, இன்னொன்றில் 0.02 என்றால் கணக்கில் துல்லியம் போய்விடும். ரூபாயை லட்சத்தில் எழுதுங்கள், 500 ஆகிவிடும். ஆப்ஷன்ஸில், எண்களின் அளவைத் தானே சமன்செய்யும் ஆட்டோமேட்டிக் ஸ்கேலிங்குக்கு டிக் போடுங்கள். அது ஆரம்ப எண்களை வைத்துத்தான் அளவை முடிவு செய்கிறது, அதனால் விடைக்கு ஓரளவு பக்கத்தில் இருக்கும் எண்களிலிருந்து தொடங்குவது நல்லது.

படி 5: இனி ஆப்ஷன்ஸ்

‘கன்வர்ஜ் ஆகிவிட்டது’ என்று மட்டும் சொல்லி நின்றால், கன்வர்ஜென்ஸை 0.0001-இலிருந்து 0.0000001 ஆக்கி மறுபடி ஓட்டுங்கள். முழு எண் கேட்டும் பின்னம் வந்தால், இக்னோர் இன்டிஜர் டிக்கை எடுங்கள். இன்டிஜர் ஆப்டிமாலிட்டி (முழு எண் கணக்கில் சிறந்த விடையிலிருந்து எவ்வளவு விலகினாலும் போதும் என்ற அளவு) 1 சதவீதம் என்று இருந்தால், 1 லட்சம் ரூபாய் லாபத்தில் ஏறக்குறைய 1,000 ரூபாய் வரை விட்டுவிட்டுச் சால்வர் நின்றுவிடலாம். அதை 0 ஆக்குங்கள். பெரிய கணக்கில் நேரம் இழுக்கும், அதனால் மேக்ஸ் டைமில் 60 விநாடி போட்டுக்கொள்ளுங்கள்.