பத்து நிமிடம் ஓடவிட்டும் சூடேறாத என்ஜின்

குன்னூர் குளிரில் தினமும் காரைப் பத்து நிமிடம் சும்மா ஓடவிட்டுத்தான் கிளம்புவேன். அப்படியும் டெம்பரேச்சர் முள் பாதியைத் தொடாது. ஹீட்டரில் சூடு வராது. பெட்ரோல் மட்டும் தண்ணீராய்ச் செலவாகும். மெக்கானிக் சென்சாரை மாற்றினார். பலனில்லை. என்ஜினைக் குளிர்விக்கும் திரவமான கூலன்ட்டை மாற்றியும் அதே கதைதான். நான்கு நாள் வீண்.

அப்புறம் ஒரு காலை, முள் அடியில் கிடக்கும்போதே ரேடியேட்டரின் மேல் ஹோஸைத் தொட்டுப் பார்த்தேன். வெதுவெதுப்பாக இருந்தது! என்ஜின் சூடாகும்வரை அது சில்லென்றுதான் இருக்க வேண்டும்; கூலன்ட்டை ரேடியேட்டருக்கு விடும் வால்வான தெர்மோஸ்டாட் ஏறக்குறைய 80 டிகிரிக்கு மேல்தான் திறக்கும். கழற்றினால், வால்வு திறந்தபடியே சிக்கியிருந்தது, ஓரமெல்லாம் துரு. புதிது போட்டதும் முள் நடுவுக்கு வந்துவிட்டது, அப்பாடா. இப்போது அரை நிமிடம் ஓடவிட்டு, முதல் இரண்டு கிலோமீட்டர் ஆக்சிலரேட்டரை அழுத்தாமல் ஓட்டுகிறேன்.