கல்லூரி ஐஸ் ஹாக்கியில் ஒரு பையனின் முதல் வருடத்தை எப்படிப் பார்ப்பது

கல்லூரியில் சேர்ந்து பத்து ஆட்டம்கூட ஆகியிருக்காது, அதற்குள் "மூணே மூணு பாயின்ட்டா, இவனையா முதல் சுற்றில் எடுத்தார்கள்" என்று ஆரம்பித்துவிடுவோம். (வட அமெரிக்காவின் பெரிய தொழில்முறை லீக்கான என்எச்எல்லின் கிளப்புகள் இளம் வீரர்களைச் சுற்றுச் சுற்றாகத் தேர்ந்தெடுக்கும் டிராஃப்டைத்தான் சொல்கிறோம்.) நானும் அப்படிப் பேசியவன்தான். அமெரிக்கக் கல்லூரி ஹாக்கியைச் சில வருடம் விடாமல் பார்த்த பிறகுதான் புரிந்தது, பாயின்ட் பட்டியல் (கோல் போட்டாலும் கோலுக்குப் பாஸ் கொடுத்தாலும் ஒரு பாயின்ட்) கடைசியாகப் பார்க்க வேண்டிய விஷயம்.

எடுத்ததும் பிறந்த தேதியைப் பாருங்கள். முதலாமாண்டு என்றால் எல்லோருக்கும் 18 வயது என்று நினைத்துவிட வேண்டாம். பள்ளி முடித்ததும் ஒன்றிரண்டு வருடம் ஜூனியர் லீக்கில் ஆடிவிட்டு 20, 21 வயதில் கல்லூரிக்குள் நுழைபவர்கள் ஹாக்கியில் ஏராளம். அதனால் எதிரணியில் நிற்கும் நான்காமாண்டு டிஃபென்ஸ்மேனுக்கு 24 வயது ஆகியிருக்கலாம், நம் பையனுக்கு மீசைகூடச் சரியாக முளைத்திருக்காது. 18 வயதில் எடுத்த 15 பாயின்ட்டும் 21 வயதில் எடுத்த 15 பாயின்ட்டும் ஒன்றல்ல. மாக்லின் செலிப்ரினி 2023-24 சீசனில் பாஸ்டன் பல்கலைக்கழகத்துக்காக 17 வயதில் 38 ஆட்டங்களில் 64 பாயின்ட் எடுத்து, கல்லூரி ஹாக்கியின் சிறந்த வீரருக்கான ஹோபி பேக்கர் விருதையும் வாங்கினார். அதை அளவுகோலாக வைத்துக்கொள்ளாதீர்கள். 1981-இல் தொடங்கிய அந்த விருதை முதலாமாண்டிலேயே வாங்கியவர்கள் 2024 வரை நான்கே பேர்: பால் கரியா, ஜாக் ஐக்கல், ஆடம் ஃபன்டில்லி, அப்புறம் இவர்.

அடுத்து அட்டவணை. கனடாவின் மேஜர் ஜூனியர் லீக்குகளில் ஒரு சீசனுக்கு 68 ஆட்டம்வரை ஆடுவார்கள், கல்லூரியில் வழக்கமான சீசனில் சுமார் 34 தான். பெரும்பாலும் வெள்ளி, சனி என்று அடுத்தடுத்து இரண்டு இரவு, அதுவும் பல வாரங்களில் ஒரே எதிரணியோடு. நமக்கு இது ரொம்ப வசதி. வெள்ளிக்கிழமை அவனை எங்கே மடக்கினார்கள் என்று பார்த்து வைத்துக்கொண்டு, சனிக்கிழமை அதே இடத்தில் என்ன செய்கிறான் என்று பாருங்கள். அதே தப்பை அதே மாதிரி செய்தால் யோசிக்க வேண்டியதுதான். வேறு ஏதோ முயன்று தோற்றால்கூட எனக்கு அது நல்ல அறிகுறிதான்.

ஆட்டத்தைப் பார்க்கும்போது முகத்தைத் தேடாதீர்கள், கல்லூரியில் எல்லோரும் முகம் முழுக்கக் கம்பி வலை போட்டிருப்பார்கள். எண்ணை மனதில் வைத்து, ஒரு பீரியட் (ஆட்டத்தின் மூன்றில் ஒரு பங்கு) முழுக்க பக்கை, அதாவது ரப்பர் வட்டை, விட்டுவிட்டு அவனை மட்டும் பாருங்கள். விங்கராக (ஓரத்தில் ஆடும் தாக்குதல் வீரராக) இருந்தால் கவனிக்க வேண்டிய ஒரு காட்சி உண்டு. சொந்தப் பகுதியில் டிஃபென்ஸ்மேன் பக்கைச் சுவரோரமாகச் சுற்றி அனுப்புகிறான், பையன் சுவரில் முதுகு வைத்து நிற்கிறான், எதிரணி டிஃபென்ஸ்மேன் நீலக்கோட்டிலிருந்து முழு வேகத்தில் அவனை நோக்கி இறங்குகிறான். பக் வந்து சேர ஒரு நொடிதான் இருக்கிறது. அந்த ஒரு நொடிக்குள் தோளுக்கு மேல் திரும்பி ஒரு தடவை பார்த்தானா? பார்த்திருந்தால் சென்டர் (நடுவில் ஆடும் தாக்குதல் வீரன்) எங்கே வருகிறான் என்று தெரியும், எதிராளி வந்து இடித்தாலும் சின்னதாக ஒரு தட்டு தட்டி நடுவில் கொடுத்துவிடுவான். பார்க்காதவன் பக் வந்த பிறகு குனிந்து தேடுவான், கண்ணாடியில் அடித்து வெளியே தள்ளுவான், இல்லையென்றால் பறிகொடுப்பான். ஜூனியரில் ஐம்பது கோல் போட்டவன்கூட முதல் இரண்டு மாதம் இந்தச் சுவரோரத்தில்தான் திணறுவான். இதெல்லாம் எந்தப் பட்டியலிலும் வராது.

ஷிஃப்ட் நீளத்தையும், அதாவது ஒரு தடவை இறங்கினால் எவ்வளவு நேரம் களத்தில் நிற்கிறான் என்பதையும், கவனியுங்கள். முக்கால் நிமிடத்தில் பெஞ்சுக்குத் திரும்புகிறானா, இல்லை கோல் ஆசையில் ஒன்றரை நிமிடம் நின்று கால் கனத்துப்போய் எதிரணிக்கு வழிவிடுகிறானா? கடைசி இரண்டு நிமிடம், ஒரு கோல் முன்னிலை, அப்போது கோச் அவனை இறக்குகிறாரா என்பது முக்கியமான கேள்வி. பவர் ப்ளேயில் (எதிரணியில் ஒருவர் தண்டனையில் வெளியே இருக்கும் நேரத்தில்) முதல் குழுவோடு இறங்குகிறானா, இரண்டாவது குழுவோடு இறங்குகிறானா என்றும் குறித்துக்கொள்ளுங்கள், பாயின்ட் வித்தியாசத்தில் பாதி அங்கேதான் ஒளிந்திருக்கும். எண் ஏதாவது வேண்டும் என்றே தோன்றினால் கோலைவிட ஷாட் எண்ணிக்கையைப் பாருங்கள். ஷாட் வந்துகொண்டே இருந்தால் கோல் பின்னால் வரும்.

டிஃபென்ஸ்மேன்களுக்கு இன்னும் பொறுமை வேண்டும். கேல் மகாரை 2017 டிராஃப்டில் 4-ஆவதாக கொலராடோ எடுத்தது. மாசசூசெட்ஸ் பல்கலைக்கழகத்தில் முதல் வருடம் 34 ஆட்டங்களில் 21 பாயின்ட். பரவாயில்லை என்று சொல்லலாம், அவ்வளவுதான். இரண்டாம் வருடமும் அங்கேயே இருந்தார்: 41 ஆட்டம், 49 பாயின்ட், ஹோபி பேக்கர். 2019 கல்லூரி இறுதிப் போட்டியில் தோற்ற இரண்டே நாளில் என்எச்எல் பிளேஆஃபில் இறங்கி, முதல் ஆட்டத்திலேயே கோல் போட்டார். கோல்கீப்பர்களைப் பற்றி முதல் வருடத்தில் தீர்ப்பே சொல்ல வேண்டாம். பின்னாளில் என்எச்எல்லின் முன்னணி கோல்கீப்பரான கானர் ஹெலபக்கே 2012 டிராஃப்டில் ஐந்தாம் சுற்றில் 130-ஆவதாகப் போனவர்.

டிராஃப்டையும் ஒப்பந்தத்தையும் பலர் குழப்பிக்கொள்கிறார்கள். டிராஃப்டில் எடுத்தால் கிளப்புக்கு அவன்மேல் உரிமை கிடைக்கிறது, அவ்வளவே. அவன் பாட்டுக்குக் கல்லூரியில் ஆடலாம், தொழில்முறை ஒப்பந்தத்தில் கையெழுத்திட்ட பிறகுதான் திரும்பி வர வழியில்லை. 2021-இல் முதல் ஐந்து பேரில் நான்கு பேர் (ஓவன் பவர், மேட்டி பெனியர்ஸ், லூக் ஹியூஸ், கென்ட் ஜான்சன்) அடுத்த சீசனை மிச்சிகன் பல்கலைக்கழகத்தில்தான் ஆடினார்கள். அப்படிப்பட்ட அணியும் 2022 அரையிறுதியில் டென்வரிடம் ஓவர்டைமில் தோற்றது. ஆக, இன்னொரு வருடம் இருக்கிறான் என்றால் பின்தங்கிவிட்டான் என்று எடுத்துக்கொள்ளாதீர்கள். டிராஃப்டே ஆகாதவனையும் ஒதுக்க வேண்டாம், வெர்மான்ட் பல்கலைக்கழகத்தில் நான்கு வருடம் ஆடிய மார்டின் சான் லூயியை யாருமே எடுக்கவில்லை, அவர் 2018-இல் ஹாக்கி ஹால் ஆஃப் ஃபேமுக்குப் போனார்.

பழைய எண்களோடு ஒப்பிடும்போது ஒன்றை மறக்காதீர்கள். 2025 ஆகஸ்ட் முதல் கனடாவின் மேஜர் ஜூனியர் வீரர்களும் கல்லூரியில் ஆடலாம், அதற்கு முன் அவர்களுக்குக் கதவு சாத்தியிருந்தது. இப்போது முதலாமாண்டுக்காரனுக்குப் போட்டி கூடியிருக்கிறது, பத்து வருடத்துக்கு முந்தைய 20 பாயின்ட்டை இன்றைய 20-க்குப் பக்கத்தில் வைத்துப் பேச முடியாது.

மார்ச் மாதம் வந்தால் செய்திகளைக் கவனியுங்கள். அணி வெளியேறிய மறுநாளே சிலர் கையெழுத்திட்டுவிடுவார்கள். 20 வயது தாண்டியவர் கடைசி வாரத்தில் ஒன்றிரண்டு என்எச்எல் ஆட்டம் ஆடினாலும் ஒப்பந்தத்தில் ஒரு வருடம் கழிந்துவிடும், அடுத்த பெரிய சம்பளம் சீக்கிரம் வரும் என்பதால் வீரர்கள் அதைக் கேட்டு வாங்குவார்கள். மற்றவர்கள் என்எச்எல்லுக்கு அடுத்த படியான ஏஎச்எல்லில் தற்காலிக ஒப்பந்தத்தில் சில ஆட்டம் ஆடிப் பார்ப்பார்கள். அந்த ஆட்டங்கள் கிடைத்தால் தவறவிடாதீர்கள். அதே சுவரோரத்துப் பக்கை அங்கே எப்படி எடுக்கிறான் என்று பாருங்கள், இடிக்க வருகிறவருக்குப் பள்ளிக்கூடம் போகிற பிள்ளைகள்கூட இருக்கலாம். அங்கே கம்பி வலையும் கட்டாயமில்லை, முகமும் தெரியும்.