பழைய பூர்வீக வீடு வாங்குறீங்களா? அட்வான்ஸ் குடுக்குறதுக்கு முன்னாடி இதைப் பாருங்க

கும்பகோணம் பக்கம் முற்றம் வச்ச பழைய வீடு பாக்குறீங்கன்னா மொதல்ல மூலப்பத்திரம், பட்டா, 30 வருஷ வில்லங்கம், வாரிசு சர்டிபிகேட் எல்லாம் வாங்கி ஒரு நல்ல வக்கீல்கிட்ட காட்டுங்க, 2005 இந்து வாரிசுரிமைச் சட்டத்திருத்தத்துக்கு அப்புறம் பூர்வீக சொத்துல பொண்ணுங்களுக்கும் சம பங்கு, அதனால விக்கிறவரோட கட்டிக்குடுத்த அக்கா தங்கச்சி கையெழுத்தும் கண்டிப்பா வேணும்.

அடுத்து மெட்ராஸ் டெரஸ், அதாவது மர உத்தரத்து மேல செங்கல்லும் சுண்ணாம்பும் வச்சுக் கட்டின பழைய கூரை. தேக்கு உத்தரம் நடுவுல ஜோரா இருக்கும், ஆனா செவத்துக்குள்ள போற முனைதான் மொதல்ல உளுத்துப் போகும், அங்க ஸ்க்ரூ டிரைவரால குத்திப் பாருங்க, பொதபொதன்னு உள்ள போச்சுன்னா மாத்தியே ஆகணும், அந்தச் செலவை வெலையில கொறைச்சுப் பேசுங்க.

மழை பேஞ்ச மறுநாள் ஒரு தடவை போய்ப் பாத்தா ஒழுகுற எடம் தெரிஞ்சிடும்.

சுண்ணாம்புச் செவத்துல சிமெண்ட் பூச மட்டும் விட்டுடாதீங்க, ஈரம் உள்ளயே தங்கி பூச்சு பெயர்ந்து வரும், சுண்ணாம்பு வேலை தெரிஞ்ச கொத்தனாரைத் தேடிப் பிடிங்க.