ஒரே இணைப்பு, இரண்டு கணினி: பாதிப் பக்கம் மட்டும் திறந்த கதை

மேசைக் கணினியில் பிராட்பேண்ட் டயல் செய்து (பிபிபிஓஇ இணைப்பு, அதாவது பயனர் பெயர், கடவுச்சொல் கொடுத்து இணையும் முறை), விண்டோஸின் இணைப்புப் பகிர்வு வழியாக லேப்டாப்புக்கு ஒரு கேபிள் போட்டேன். லேப்டாப்புக்கு 192.168.137 வரிசையில் முகவரி கிடைத்தது, பிங்கும் (இணைப்பைச் சோதிக்க அனுப்பும் சிறு செய்தி) போனது. ஆனால் சில தளங்கள் உடனே திறந்தன. சில வெள்ளைத் திரையோடு சுற்றிக்கொண்டே இருந்தன. மேசைக் கணினியில் எல்லாமே சரி.

மூன்று நாள் வீண். கேபிளை மாற்றினேன், டிஎன்எஸ்ஸை (தளப் பெயரை எண் முகவரியாக்கும் சேவை) 8.8.8.8 ஆக்கினேன், ஃபயர்வாலை அணைத்தேன், பிரவுசரையும் மறுபடி நிறுவினேன். ம்ஹூம்.

துப்பு கொடுத்தது மின்னஞ்சல்தான். இரண்டு வரிக் கடிதம் போகிறது, படம் இணைத்தால் நின்றுவிடுகிறது. அப்படியென்றால் சிக்கல் பாக்கெட்டின் (தரவு போகும் சிறு பொட்டலம்) அளவில்தான்; பெரியவை மட்டும் போகவில்லை. துண்டாக்கக் கூடாது என்ற குறியோடு பிங் செய்து பார்த்தேன்: 1464 பைட் போனது, 1465 போகவில்லை. ஒவ்வொரு பாக்கெட்டின் முன்னும் ஒட்டும் முகவரி முதலிய தலைப்புத் தகவலுக்கு 28 சேர்த்தால் 1492. ஈதர்நெட் கேபிளில் ஒரு பாக்கெட்டுக்கான 1500 பைட் வரம்பில் பிபிபிஓஇ 8 பைட்டை எடுத்துக்கொள்கிறது. டயல் செய்யும் கணினிக்கு இது தெரியும். பின்னால் இருக்கும் லேப்டாப்போ 1500 என்றே நம்பி அனுப்புகிறது.

லேப்டாப்பில் அட்மின் உரிமையோடு கமாண்ட் பிராம்ப்ட்டைத் திறந்து, நெட்எஸ்ஹெச் (விண்டோஸின் நெட்வொர்க் அமைப்புக் கட்டளை) கட்டளையால் அந்த ஈதர்நெட்டின் எம்டியூவை (ஒரு பாக்கெட்டின் உச்ச அளவு) 1492 ஆக்கினேன். எல்லாப் பக்கமும் திறந்தது. அப்பாடா! மறுநாள் ரீஸ்டார்ட் செய்ததும் பழைய குருடி கதவைத் திறடி. கட்டளையின் கடைசியில் 'ஸ்டோர்=பெர்சிஸ்டென்ட்' (மாற்றத்தை நிரந்தரமாகச் சேமி) சேர்க்காமல் விட்டிருந்தேன். சேர்த்த பிறகு ஒருமுறைகூடத் தொங்கவில்லை.