எஞ்சின் ஓடும்போதே மேப்பை மாற்ற: ஹோண்டா பி28-க்கு ஒரு எப்ரோம் எமுலேட்டர்

1992 முதல் 1995 வரை அமெரிக்காவில் விற்ற ஹோண்டா சிவிக்கின் எஸ்ஐ, இஎக்ஸ் விடெக் மாடல்களில் பி28 என்ற இசியூ, அதாவது எஞ்சினைக் கட்டுப்படுத்தும் கணினி, இருக்கும். எரிபொருள், இக்னிஷன் அட்டவணைகள் (இவைதான் மேப்) அதன் ஓக்கி நிறுவனப் பிராசசருக்குள்ளேயே இருக்கின்றன. போர்டில் காலியாக விட்டிருக்கும் இடத்தில் 28 பின் சாக்கெட், 74எச்சி373 லேட்ச், கூடவே ஓரிரு சில்லறைப் பாகங்களை வைத்து ஜே1 ஜம்பரையும் இணைத்தால், பிராசசர் வெளியே உள்ள 27சி256 எப்ரோமை (அழித்துத் திரும்ப எழுதக்கூடிய நினைவகச் சிப்) படிக்கத் தொடங்கும். ஆனால் ஒரே ஒரு எண்ணை மாற்றவும் சிப்பைக் கழற்றி, புற ஊதா விளக்கின் கீழ் கால் மணி நேரம் வைத்து அழித்து, திரும்ப எழுதிச் செருக வேண்டும். அதற்குள் எஞ்சின் சூடு மாறிவிடும், முந்தைய அளவோடு ஒப்பிட வழியில்லை. இந்தக் காத்திருப்பை ஒழிக்கத்தான் எமுலேட்டர்: எப்ரோம் இருக்க வேண்டிய இடத்தில் நாம் எழுதக்கூடிய ரேம்.

வடிவமைக்கும் முன் ஒன்றை மனதில் வையுங்கள். இசியூ அட்டவணையை மட்டுமல்ல, தன் புரோகிராமையும் இதே சிப்பிலிருந்துதான் படிக்கிறது. நீங்கள் எழுதும் நேரத்தில் அது கேட்ட பைட் கிடைக்காவிட்டால் பிராசசர் தடம் மாறிப் போகும், அதைக் கண்காணிக்கும் வாட்ச்டாக் ரீசெட் அடிக்கும். அதனால்தான் ஒரே ரேமை வைத்து, இடைவெளி பார்த்து எழுதும் சர்க்யூட்டுகளை நான் பரிந்துரைப்பதில்லை. 32 கிலோபைட் ரேம் இரண்டு போடுங்கள். ஒன்று இசியூவிடம், மற்றது எமுலேட்டரின் மைக்ரோகன்ட்ரோலரிடம்; எழுதி முடித்ததும் இரண்டும் இடம் மாறும். ஒவ்வொரு ரேமும் ஒரு பேங்க்.

62256 ரேம், 55 நானோ நொடி வகை போதும். ஒவ்வொன்றின் அட்ரஸ் லைன்களுக்கும் நான்கு 74எச்சிடி157 (இரண்டு வழிகளில் ஒன்றைத் தேர்ந்தெடுக்கும் சிப்), டேட்டாவுக்கு இரண்டு 74எச்சிடி245 (வழியைத் திறந்து மூடும் பஃபர்). பழைய எப்ரோம்கள் 150 முதல் 200 நானோ நொடி வரை எடுத்துக்கொள்பவை என்பதால் இந்தத் தாமதங்களைக் கூட்டினாலும் இடம் இருக்கும். பின் வரிசையில் மட்டும் கண்ணை மூடிக்கொண்டு போகாதீர்கள்: எப்ரோமில் ஏ14 லைன் 27-ஆம் பின். ரேமில் அதே 27-ஆம் பின் எழுதும் கட்டளைக்கானது, ஏ14 முதல் பின்னுக்குப் போய்விட்டது. நேருக்கு நேர் இணைத்தால் இசியூவின் அட்ரஸே ரேமில் குப்பையை எழுதும்.

இனி முக்கியமான இடம், பேங்க் மாற்றும் தருணம். மைக்ரோகன்ட்ரோலர் நினைத்த நேரத்தில் மாற்றக் கூடாது. அதன் கோரிக்கையை 74எச்சிடி74-இன் முதல் ஃபிளிப்ஃபிளாப்பில் (கிளாக் ஏறும்போது மட்டும் மாறும் ஒரு பிட் நினைவகம்) கொடுங்கள், அதன் வெளியீட்டை இரண்டாவதில் கொடுங்கள். இரண்டுக்கும் கிளாக், சாக்கெட்டின் 22-ஆம் பின்னில் வரும் ஓஇ (டேட்டாவை வெளியே விடச் சொல்லும்) சிக்னல். ஒரு பைட்டைப் படித்து முடித்ததும் ஓஇ மேலே ஏறும், அந்த விளிம்பில்தான் பேங்க் மாறும். இரண்டு ஃபிளிப்ஃபிளாப் எதற்கு என்றால், கோரிக்கையும் கிளாக்கும் ஒரே கணத்தில் மோதினால் முதலாவது தடுமாறும், இரண்டாவது அதை வெளியே விடாது. மாறிய பிறகு, இசியூவிடமிருந்து விடுபட்டு மைக்ரோகன்ட்ரோலரிடம் வந்த பேங்கிலும் அதே மாற்றத்தை எழுதிவிடுங்கள். இதை விட்டால் அடுத்த மாற்றத்தில் பழைய எண் திரும்பி வரும். வேறு இசியூவுக்குக் கட்டுவதானால் ஓஇ உண்மையிலேயே ஏறி இறங்குகிறதா என்று ஆசிலோஸ்கோப்பில் பாருங்கள். சிலர் அதைத் தரையோடு கட்டிவிடுவதுண்டு.

மின்சாரம்: யூஎஸ்பியின் 5 வோல்ட்டை 28-ஆம் பின்னோடு நேரே சேர்க்காதீர்கள். சாவியை எடுத்த பிறகும் இசியூ அரை உயிரோடு கிடக்கும். இரண்டுக்கும் தனித்தனி ஷாட்கி டயோடு போதும். இசியூ பக்கம் 5 வோல்ட் இல்லாதபோது அந்தப் பக்க 245-ஐ அணைத்து வையுங்கள். ரிப்பன் கேபிள் ஒரு சாணைத் தாண்ட வேண்டாம், ஒவ்வொரு சிப்புக்கும் பக்கத்திலேயே 0.1 மைக்ரோஃபாரட் கெப்பாசிட்டர்.

காருக்குப் போகும் முன் மேசையில் 12 வோல்ட் கொடுத்துப் பாருங்கள். செக் எஞ்சின் விளக்கு இரண்டு நொடி எரிந்து அணைய வேண்டும். எரிந்தபடியே இருந்தால் படிப்பதில் கோளாறு. பிறகு இரண்டு பேங்கிலும் ஒரே ஃபைலைப் போட்டு, ஒரு மணி நேரம் விடாமல் மாற்றி மாற்றி ஓட்டுங்கள். விளக்கு ஒருமுறை கண் சிமிட்டினாலும் காரில் மாட்டாதீர்கள்.

காரில் வைட்பேண்ட் சென்சார் (புகையில் உள்ள ஆக்சிஜனை அளப்பது) இல்லாமல் எரிபொருளைத் தொடாதீர்கள், இக்னிஷனை ஒவ்வொரு டிகிரியாக மட்டும் நகர்த்துங்கள். ட்யூனிங் முடிந்ததும் கடைசி மேப்பை 27சி256-இல் எழுதிச் செருகிவிட்டு எமுலேட்டரைக் கழற்றிவிடுங்கள். ரேம், மின்சாரம் போனால் எல்லாவற்றையும் மறந்துவிடும். தினமும் ஓட்டும் காரில் அதற்கு இடமில்லை.