சிறுவயதுக் கொடுமையிலிருந்து மீளும் இளையோருக்குத் துணைநிற்பது எப்படி?

சிறுவயதில் உடலாலோ மனத்தாலோ பாலியல்ரீதியாகவோ துன்புறுத்தப்பட்ட இளையவர் ஒருவரைப் பராமரிக்கும் பொறுப்பு உங்களிடம் வந்தால், அந்தத் தீங்கு இப்போது முற்றிலும் நின்றுவிட்டதா என்பதை முதலில் உறுதிசெய்யுங்கள். தீங்கிழைத்தவர் நெருங்கிவர வழி இருக்கும்வரை எந்த ஆறுதலும் பலன் தராது.

அடுத்து, அவருடைய நாட்களில் எதிர்பாராதவற்றைக் குறையுங்கள். நெடுங்காலம் அச்சத்தில் வளர்ந்தவரின் மூளையில், ஆபத்தை உணரும் அமிக்டலா என்னும் பகுதி எளிதில் தூண்டப்படுவதால், கதவு அறையப்படும் ஓசையோ, உயர்ந்த குரலோ, பின்னாலிருந்து தொடும் கையோ பழைய அச்சத்தை அப்படியே எழுப்பிவிடக்கூடும். ஆகவே உணவுக்கும் உறக்கத்திற்கும் நிலையான நேரம் இருக்கட்டும்; மாற்றம் வந்தால் முன்னரே சொல்லுங்கள்; அறைக்குள் நுழையுமுன் கதவைத் தட்டுங்கள்; தொடுமுன் அனுமதி கேளுங்கள். ஐந்து மணிக்கு வருவதாகச் சொன்னவர் ஐந்து மணிக்கே வந்து நிற்பது, நூறு அறிவுரைகளைவிட மேலான பராமரிப்பு என்றே நான் கருதுகிறேன். பெரியவர்களின் சொல்லை நம்பிக் காயப்பட்டவருக்கு நம்பிக்கை திரும்புவது இத்தகைய சிறு வாக்குறுதிகளின் வழியாகத்தான்.

நடந்ததைச் சொல்லும்படி வற்புறுத்தாதீர்கள். பலர் பல ஆண்டுகள் கழித்தே வாய்திறக்கிறார்கள். அவராகப் பேசத் தொடங்கினால் குறுக்கிடாமல் கேட்டு, "நீ சொல்வதை நம்புகிறேன், இதில் உன் தவறு எதுவுமில்லை" என்று தெளிவாகச் சொல்லுங்கள். "ஏன் அப்போதே சொல்லவில்லை?" என்ற கேள்வி பழியை அவர்மேலேயே சுமத்துவதால், அதை ஒருபோதும் கேட்கக் கூடாது. யாரிடமும் சொல்லமாட்டேன் என்றும் உறுதி தராதீர்கள். அவரைக் காக்க யாரிடம் சொல்ல நேரும், ஏன் என்பதை அவரிடமே விளக்கிவிடுங்கள்.

சினமும் ஒதுங்கலும் வரும். அப்போது எல்லைகளை அமைதியாக நினைவூட்டலாம். ஆனால் அடிப்பதும், வெளியே அனுப்பிவிடுவதாக மிரட்டுவதும் கூடவே கூடாது. 1989இல் ஏற்கப்பட்ட ஐ.நா. குழந்தைகள் உரிமை உடன்படிக்கையின் 39ஆம் பிரிவு, குழந்தையின் உடல்நலம், தன்மதிப்பு, கண்ணியம் ஆகியவற்றை வளர்க்கும் சூழலிலேயே மீட்சி நடைபெற வேண்டும் என்கிறது. அந்தத் தன்மதிப்பு வளர, உடையிலிருந்து ஆலோசகரைத் தேர்ந்தெடுப்பதுவரை இயன்ற முடிவுகளை அவரிடமே விடுங்கள்.

கெட்ட கனவுகளும் பதற்றமும் நீடித்தால், மனக்காயச் சிகிச்சையில் பயிற்சி பெற்ற உளவியலாளரை நாடுங்கள். மனக்காயத்தை மையமாகக் கொண்ட அறிதல்-நடத்தைச் சிகிச்சை (எண்ணங்களையும் நடத்தையையும் சீராக்க உதவும் பேச்சுவழிச் சிகிச்சை) பொதுவாக 12 முதல் 16 அமர்வுகள் நடைபெறும். தீங்கில் பங்கில்லாத பராமரிப்பாளரும் அதில் பங்கேற்பார். தன்னைத் தானே காயப்படுத்திக்கொள்ளும் எண்ணம் இருப்பதாகத் தோன்றினால் நேரடியாகக் கேளுங்கள். கேட்பதால் அந்த எண்ணம் புதிதாகத் தோன்றிவிடாது. ஆம் என்றால், அவரைத் தனியே விடாமல் உடனே அவசர மருத்துவ உதவியை நாடுங்கள்.