வயது நிறையும் நாளில் நண்பர்களின் பாட்டு

நெருங்கிய நண்பர் ஒருவருக்கு 50, 60, 75 என்று வயது நிறையும் நாளில் நண்பர்களே கூடிப் பாடுவதென்று முடிவு செய்துவிட்டால், முதலில் தீர்மானிக்க வேண்டியது எந்தெந்தப் பாடல்கள் என்பதுதான். இடமும் ஒலிபெருக்கியும் அலங்காரமும் அதற்குப் பிறகு வரட்டும். நமக்கு நன்றாகப் பாட வரும் பாடல்களை எழுதிக்கொண்டு தொடங்கத்தான் மனம் முந்தும். அப்படி அமையும் மாலை நம்முடைய கச்சேரியாகிவிடும். விழா நாயகரோ வெறும் ரசிகராக உட்கார்ந்திருப்பார். அவருடைய வாழ்க்கையில் ஏற்கெனவே குடியிருக்கும் பாடல்களைத் தேடி எடுப்பதுதான் இந்த வேலையின் பாதி.

எங்கே தேடுவது என்பதற்கு நினைவாற்றல் ஆய்வுகள் ஒரு வழி காட்டுகின்றன. நடுவயதைக் கடந்தவர்களிடம் பழைய நினைவுகளைக் கேட்டால், ஏறத்தாழ 10 வயதுக்கும் 30 வயதுக்கும் இடைப்பட்ட காலத்தவையே மிகுதியாக வெளிவருகின்றன. பாடல்களுக்கும் இது பொருந்துகிறது. 2026-இல் 60 வயதைத் தொடுகிறவர் 1966-இல் பிறந்தவர் என்பதால், அவருக்கான பாடல்களை 1978-க்கும் 1992-க்கும் இடையில் தேடினால் பெரும்பாலும் கிடைத்துவிடும். அது கேசட் காலம் என்பதையும் மறக்க வேண்டாம். ஒரே கேசட்டைத் திரும்பத் திரும்பக் கேட்டவர்களுக்கு, ஒரு பாட்டு முடிந்தால் அடுத்து வருவது எது என்பது காதுக்கே தெரியும். அவர் தேயத் தேயக் கேட்ட கேசட் எதுவென்று தெரிந்துகொண்டு, அதில் அடுத்தடுத்து இருந்த இரண்டு பாடல்களை அதே வரிசையில் பாடுங்கள். இரண்டாவது பாட்டை நீங்கள் எடுப்பதற்கு முன்பே அவருடைய உதடுகள் அசையத் தொடங்கிவிடும்.

அவருடைய துணைவரிடமும், உடன்பிறந்தவர்களிடமும், விடுதியில் ஒரே அறையில் இருந்தவர்களிடமும் விசாரியுங்கள். "அவருக்குப் பிடித்த பாட்டு எது?" என்று கேட்டால் எல்லோருக்கும் தெரிந்த பதில்தான் வரும். குளிக்கும்போது எதை முணுமுணுப்பார், பேருந்துப் பயணத்தில் எதற்குத் தாளம் போடுவார், எந்தப் பாட்டின் வரிகளை நோட்டில் எழுதி வைத்திருந்தார் என்று கேட்டுப் பாருங்கள். கூடவே, எந்தப் பாட்டைப் பாடக் கூடாது என்பதையும் தயங்காமல் கேட்டுவிட வேண்டும். இழந்துபோன ஒருவரை நினைவூட்டும் பாட்டு, அத்தனை பேருக்கு நடுவில் அவரை நிலைகுலையச் செய்துவிடலாம்.

எட்டு அல்லது பத்துப் பாடல்கள் போதும். ஒவ்வொன்றிலும் பல்லவியும் ஒரு சரணமும் பாடி, அதற்கு முன்னால் அந்தப் பாட்டைத் தேர்ந்தெடுத்த நண்பர் இரண்டு நிமிடம் பேசினால், ஒரு மணி நேரத்துக்குள் நிகழ்ச்சி நிறைவாக முடியும். அந்தப் பேச்சு பாராட்டுரையாக நீளாமல், அந்தப் பாட்டோடு ஒட்டிய ஒரே ஒரு சம்பவத்தைச் சொல்வதாக இருக்கட்டும்.

பாடகர் அல்லாதவர்கள் சேர்ந்து பாடும்போது பெரும்பாலும் கெட்டுப்போவது சுருதிதான். உலகெங்கும் பாடப்படும் பிறந்தநாள் வாழ்த்துப் பாட்டையே பாருங்கள். 1893-இல் அமெரிக்காவில் குழந்தைகளுக்கான காலை வணக்கப் பாட்டாக வெளிவந்த அந்த மெட்டு, கீழ்ப் பஞ்சமத்தில், அதாவது ஆதார ஸ-வுக்குக் கீழே உள்ள ப-வில், தொடங்கி, பெயரைச் சொல்லும் மூன்றாவது வரியில் ஒரு முழு ஸ்தாயி (ஒரு ஸ்வரத்திலிருந்து அதே ஸ்வரம் மேலே மறுபடி வரும் வரையிலான தூரம்) தாவி மேலே உள்ள பஞ்சமத்தைத் தொடுகிறது. உற்சாகத்தில் யாரோ ஒருவர் உயரத்தில் எடுத்துவிட, நண்பரின் பெயர் வரும் இடத்திலேயே பாதிப் பேரின் குரல் உடைந்துவிடுவதற்கு இந்தத் தாவல்தான் காரணம். நாலு கட்டையில், அதாவது எஃப் சுருதியில், எடுத்தால் ஆண்கள் கீழ் ஸ்தாயியிலும் பெண்கள் மேல் ஸ்தாயியிலும் சிரமமின்றிப் பாடிவிடலாம். கைபேசிச் சுருதிப்பெட்டியை ஒலிக்கவிட்டு, ஒவ்வொரு பாட்டின் மிக உயர்ந்த இடத்தை முதலில் பாடிப் பார்த்து, அது எட்டும்படி தொடக்கச் சுருதியை முடிவு செய்யுங்கள். எந்தப் பாட்டை யார் எடுத்துக் கொடுப்பது என்பதையும் வரிகள் அச்சிட்ட தாளில் பெரிய எழுத்தில் குறித்துவிடுங்கள். இரண்டு ஒத்திகை போதுமானது.

கரோக்கி இசை வசதியானதுதான் என்றாலும் அதையே முழுவதும் நம்பியிருக்க வேண்டாம். ஒரு நண்பரின் 50-ஆவது பிறந்தநாளில், பல்லவி முடிந்து முதல் சரணத்துக்கு முன் வரும் புல்லாங்குழல் இடத்தில் எங்கள் மடிக்கணினி நின்றுபோனது. என்ன செய்வதென்று தெரியாமல் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டிருந்தோம். நாற்காலியில் சாய்ந்திருந்த அவர், மூடிய கண்களைத் திறக்காமல், விரல்களால் தொடையில் தாளம் தட்டிக்கொண்டே அந்தக் குழலிசை முழுவதையும் வாயாலேயே இசைத்து முடித்து, சரணத்தின் முதல் சொல்லை எங்களுக்கு எடுத்துக் கொடுத்தார். நேசித்த பாட்டின் இடையிசையும் வரிகளைப் போலவே மனப்பாடமாகியிருக்கும் என்பதை அன்று நேரில் கண்டேன். அதிலிருந்து, ஒரு பாட்டிலாவது இடையிசையை வேண்டுமென்றே விட்டுவைத்து, விழா நாயகரைப் பார்த்தபடி காத்திருப்பது எங்கள் வழக்கமாகிவிட்டது.

தொலைவில் உள்ள நண்பர்களைக் காணொளி அழைப்பில் சேர்த்துக்கொண்டு ஒரே நேரத்தில் பாட முயல வேண்டாம். ஒலி போய்ச் சேரும் தாமதம் நொடியில் முப்பதில் ஒரு பங்கைத் தாண்டினாலே தாளம் தடுமாறத் தொடங்கும். காணொளி அழைப்புகளில் தாமதம் பெரும்பாலும் அதைவிடப் பல மடங்கு. மாறாக, சரியான சுருதியிலும் வேகத்திலும் ஒருவர் பாடிய மாதிரிப் பதிவை எல்லோருக்கும் அனுப்புங்கள். அந்த மாதிரியின் தொடக்கத்தில் நான்கு எண்ணிக்கை இருக்கட்டும். ஒவ்வொருவரும் அதை இயர்போனில் கேட்டுக்கொண்டு, நான்காவது எண்ணிக்கையில் ஒருமுறை கைதட்டிவிட்டு, தம் குரலை மட்டும் இன்னொரு கைபேசியில் பதிவு செய்து அனுப்ப வேண்டும். கைதட்டல்களை ஒரே இடத்தில் பொருத்தினால் குரல்கள் தாமாகவே சேர்ந்துகொள்ளும். பதிவுகளைப் பத்து நாளுக்கு முன்பே கேட்டு வாங்குங்கள், ஏனென்றால் கடைசி இரண்டு பேர் எப்போதும் தாமதிப்பார்கள்.

நிகழ்ச்சி நாளில் விழா நாயகரைப் பாடுவோருக்கு அருகில், அவர்களுடைய முகம் தெரியும்படி உட்கார வையுங்கள். ஒலிபெருக்கியின் நேர் எதிரில் வேண்டாம். வயதாக ஆக உச்ச ஒலிகளைக் கேட்கும் திறன்தான் முதலில் குறைகிறது, அதனால் சொற்களின் மெய்யொலிகள் மங்கிவிடுகின்றன. ஒலியைக் கூட்டினால் இரைச்சல் மிகுமே தவிரத் தெளிவு வராது. 75 வயதானவருக்குப் பாடும்போது ஒலிபெருக்கியே இல்லாத சிறிய அறைதான் சிறந்தது என்பேன். பாடுவோரின் உதடசைவு தெரிவதும் அவருக்குப் பெருந்துணை. ஒலிவாங்கி வைத்தே ஆக வேண்டுமென்றால், அது ஒலிபெருக்கிகளுக்குப் பின்னால் இருந்தால் கீச்சொலி வராது. அவரைப் பாடும்படி வற்புறுத்தாதீர்கள், ஆனால் வரிகள் அச்சிட்ட தாள் ஒன்று அவர் கையிலும் இருக்கட்டும்.

ஒருவர் கைபேசியை விமானப் பயன்முறையில் வைத்து, தொடக்கம் முதல் முடிவு வரை ஒலியைப் பதிவு செய்ய வேண்டும். அந்த வாரமே பாட்டு வாரியாகப் பிரித்து, இடையிலுள்ள பேச்சையும் சிரிப்பையும் வெட்டாமல், பாடலின் பெயர், பாடியவர் பெயர், தேதி ஆகிய மூன்றையும் கோப்பின் பெயரிலேயே எழுதி அவரிடம் சேர்த்துவிடுங்கள்.